மலைத்தீயும் எரித்து வைத்த கோடும்: டிராகன்ஸ்பர்க் போகிறவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் ஜூலைப் பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பீனிக்ஸ், சாட்ஸ்வொர்த், பீட்டர்மாரிட்ஸ்பர்க் என்று எல்லாப் பக்கமிருந்தும் நம் குடும்பங்கள் டிராகன்ஸ்பர்க் மலைக்குக் கிளம்புகின்றன. வண்டியில் பிரியாணிப் பாத்திரம், கம்பளி, பிராய் போட, அதாவது திறந்தவெளியில் கறி சுட, கரி மூட்டை. என்3 நெடுஞ்சாலையை விட்டு மலைப்பக்கம் திரும்பியதும் பிள்ளைகள் முதலில் பார்ப்பது சரிவு முழுக்க அசையும் பொன்னிறப் புல். படம் எடுக்கத் தோன்றும் அழகுதான். ஆனால் அந்தப் பொன்னிறத்துக்குப் புல் செத்துக் காய்ந்துவிட்டது என்று பொருள். ஒரு தீக்குச்சிக்கும் அந்த மலைக்கும் நடுவே ஈரம் எதுவும் மிச்சமில்லை.

தமிழ்நாட்டில் காட்டுத்தீ என்றால் மாசி, பங்குனி நினைவுக்கு வரும். குவாசுலு-நட்டாலில் கணக்கு தலைகீழ். இங்கே மழை கோடையில், அதாவது அக்டோபர் முதல் மார்ச் வரை, இடியோடு கொட்டுகிறது. மலையடிவாரத்தில் பல இடங்களில் ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. அந்த மழையில் புல் இடுப்பளவு வளர்ந்துவிடும். மே மாதம் முதல் உறைபனி விழுந்ததும் இலை செத்துவிடும். அதன்பின் மூன்று நான்கு மாதங்கள் மழை அரிது. டர்பன் கோயில்களில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஆடி மாதம், மலையில் தீப்பருவத்தின் நடு உச்சி. செப்டம்பர் 24, பாரம்பரிய தினத்தன்று நாடே பிராய் போடுகிறது. அந்த நாளும் முதல் நல்ல மழைக்கு முன்னால்தான் வருகிறது.

இந்தத் தீ எப்படி நகர்கிறது, அதை அணைப்பது ஏன் இத்தனை கடினம், அணைக்கிறவர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால் மலையில் நாம் நடந்துகொள்ளும் விதம் தானாகவே மாறும்.

புல், சரிவு, காற்று

புல் மெல்லியது. ஒரு மரக்கட்டை காய வாரக்கணக்கில் ஆகும். செத்த புல்லோ சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதத்தோடு ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் ஒத்துப்போய்விடும். காலை 7 மணிக்குப் பனியில் நனைந்து, காலணியை ஈரமாக்கிய அதே புல், 11 மணிக்குச் சரசரவென்று எரியத் தயாராகிவிடும். 'காலையில் ஈரமாகத்தானே இருந்தது' என்ற நினைப்பில் மூட்டிய அடுப்புகள்தான் பலமுறை தவறிப்போகின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு பருவம் எரியாமல் நின்ற சரிவில் ஒரு ஹெக்டேருக்கு 4 டன் காய்ந்த புல் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் ஒரு சதுர மீட்டருக்கு 400 கிராம். ஒரு கிலோ காய்ந்த புல் எரிந்தால் சுமார் 18 மெகாஜூல் வெப்பம் வரும். தீ விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில், அதாவது நாம் சாதாரணமாக நடக்கும் வேகத்தில் போனாலே, தீமுனையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் 7,200 கிலோவாட் வெப்பம் வெளியாகும். வீட்டில் இருக்கும் 2 கிலோவாட் மின் அடுப்புகள் 3,600-ஐ ஒரே மீட்டரில் நெருக்கி வைத்து முழுச் சூட்டில் திருப்பியது போல. இதில் எங்கும் பெரிய மரம் இல்லை, வெறும் புல்தான்.

அடுத்தது சரிவு. சமவெளியில் தீயின் சுடர் மேல்நோக்கி எழும். முன்னால் இருக்கும் புல்லுக்கு வெப்பம் அரைகுறையாகத்தான் போய்ச் சேரும். சரிவில் மேலே உள்ள புல் சுடரின் பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. எழும் வெப்பக் காற்று அதன் மேலேயே தவழ்ந்து போகிறது. தீ வந்து சேரும் முன்பே புல் பொரிந்து தயாராகிவிடுகிறது. தீயணைப்பாளர்கள் கையாளும் விதி எளிது: சரிவு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும், மேலே ஏறும் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 10 டிகிரியில் இரண்டு மடங்கு, 20-இல் நான்கு, 30-இல் எட்டு. 30 டிகிரி புல்சரிவில் கை ஊன்றாமல் ஏறினாலே நமக்கு மூச்சு வாங்கும். தீக்கோ அந்த இடத்தில்தான் வேகம் கூடுகிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்களில் இருபது பேருக்கு மேல் தீயில் இறந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அங்கேயும் காய்ந்த புல், செங்குத்துச் சரிவு.

இரண்டு சரிவுகளுக்கு நடுவே இறங்கும் குறுகிய ஓடை இன்னும் மோசம். அடியில் தீ பிடித்தால் அந்த ஓடை புகைபோக்கியைப் போலக் காற்றைக் கீழிருந்து இழுத்து மேலே தள்ளும். இரு பக்கச் சரிவும் ஒன்றையொன்று சூடாக்கும். நிழலும் தண்ணீரும் இருப்பதால் நாம் ஓய்வெடுக்கத் தேடிப் போகும் இடமும் பெரும்பாலும் அதுவே.

மூன்றாவது காற்று. குளிர்காலத்தில் டர்பன் கடற்கரையில் திடீரென ஒரு நாள் 30 டிகிரியைத் தாண்டும். உதடு வெடிக்கும், துணி அரைமணியில் காயும். அதற்குப் பெயர் பெர்க் காற்று. உள்நாட்டு மேட்டு நிலத்திலிருந்து கடலை நோக்கி, வடமேற்கிலிருந்து இறங்கி வரும் காற்று அது. கீழே இறங்க இறங்கக் காற்று அமுங்கும், அமுங்கினால் சூடேறும். 1,000 மீட்டர் இறங்கினால் ஏறத்தாழ 10 டிகிரி கூடும். சூடேறிய காற்றின் ஈரப்பதம் சடாரென விழுந்துவிடும்.

பெர்க் காற்றின் கடைசிக் கட்டம்தான் ஆளை ஏமாற்றுவது. அதன் பின்னாலேயே தென்மேற்கிலிருந்து, குளிர்ந்த காற்றுத்திரளின் முன்விளிம்பான குளிர்முனை ஒன்று வருகிறது. வெயில் தணிகிறது, மேகம் தெரிகிறது, எல்லோரும் 'அப்பாடா' என்கிறார்கள். அதே நேரத்தில் காற்றின் திசை கால் வட்டம் திரும்பிவிடுகிறது. அதுவரை தீ வடமேற்குக் காற்றில் தென்கிழக்கு நோக்கி, சுருட்டு வடிவில் நீளமாக ஓடியிருக்கும். முன்னால் குறுகிய தலை, இரண்டு பக்கமும் கிலோமீட்டர் கணக்கில் நீண்ட விலா, பின்னால் வால். காற்று தென்மேற்காக மாறிய கணத்தில், அமைதியாக எரிந்துகொண்டிருந்த வடகிழக்கு விலா முழுவதும் தலையாகிவிடும். 200 மீட்டர் அகலத் தலையோடு போராடிக்கொண்டிருந்தவர்கள் முன்னால் இப்போது 3 கிலோமீட்டர் அகலத் தலை நிற்கும். அதனால்தான் தீயணைப்புப் பொறுப்பாளர்கள் தீயைப் பார்ப்பதைவிட வானிலை அறிக்கையில் 'குளிர்முனை எத்தனை மணிக்கு' என்பதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.

தண்ணீர் இருந்தும் ஏன் அணையவில்லை?

தொலைக்காட்சியில் மலைத்தீயைக் காட்டும்போதெல்லாம் நம் வீடுகளில் எழும் கேள்வி இது. மேலே சொன்ன 7,200 கிலோவாட் கணக்குக்குத் திரும்புவோம். ஒரு லிட்டர் தண்ணீர் சூடாகி முழுதும் ஆவியானால் சுமார் 2.6 மெகாஜூல் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். அந்தத் தீயின் வெப்பம் முழுவதையும் நீரே உறிஞ்ச வேண்டுமானால், ஒவ்வொரு மீட்டர் தீமுனைக்கும் விநாடிக்கு ஏறத்தாழ 3 லிட்டர் வேண்டும். தீயணைப்பாளர் முதுகில் மாட்டும் தெளிப்பான் 16 முதல் 20 லிட்டர் பிடிக்கும். அப்படிப் பார்த்தால் ஆறேழு விநாடி. சுடரை உடைக்க இதைவிடக் குறைந்த நீர் போதும் என்றாலும், ஓடிவரும் தலையின் முன்னால் முதுகுத் தெளிப்பானோடு நிற்பது எவ்வளவு வீண் என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடும்.

அந்த 20 லிட்டரும் 20 கிலோ எடை. சாலை முடியும் இடத்தில் பக்கி எனும் சிறு சரக்கு வண்டி நின்றுவிடும். அதன் பின்பகுதியில் 500 லிட்டர் தொட்டியும் பம்ப்பும் இருக்கலாம். ஆனால் குழாயின் நீளத்துக்கு அப்பால் அதனால் பயனில்லை. அங்கிருந்து ஒன்று, இரண்டு மணி நேரம் நடை. மேலே போய்ச் சேர்ந்தபின் தெளிப்பான் காலியானால் நிரப்ப ஓடைக்கு இறங்க வேண்டும். குளிர்காலத்தில் ஓடைகள் மெலிந்திருக்கும்.

ஹெலிகாப்டர் இருக்கிறதே? இருக்கிறது, பெரிய உதவிதான். இங்கே பயன்படும் ஹூயி வகை ஹெலிகாப்டரின் அடியில் தொங்கும் துணிவாளி 1,000 லிட்டர் அளவு பிடிக்கும். அதை அணையில் முக்கி, பறந்து, ஊற்றி, திரும்பி வர ஒவ்வொரு சுற்றுக்கும் பல நிமிடங்கள் ஆகும். அந்த நிமிடங்களில் கீழே ஆட்கள் இல்லாவிட்டால் தணிந்த தீ மறுபடி எழுந்துவிடும். வானிலிருந்து ஊற்றும் தண்ணீர் சுடரைக் கொஞ்ச நேரம் குட்டையாக்கித் தருகிறது. அணைத்து முடிப்பது கால்நடையாகப் போனவர்களின் வேலை.

உயரம் இன்னொரு தடை. மலைமுகடு 3,000 மீட்டரைத் தொடும் இடங்களில் காற்று மெலிந்திருப்பதால் ஹெலிகாப்டரால் முழு வாளியைத் தூக்க முடியாமல் போகலாம். பெர்க் காற்று வீசும்போது முகட்டுக்கு இந்தப் பக்கம் காற்று சுழன்று கீழே அமுக்கும்; மிகவும் தேவைப்படும் அதே நாளில் விமானி தரையிலேயே இருக்க நேரிடும். இருட்டியபின் பறப்பதில்லை. 2015 மார்ச் மாதம் கேப் தீபகற்பத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் எரிந்த தீயில், தண்ணீர் ஊற்றச் சென்ற ஹெலிகாப்டர் ஒன்று விழுந்து விமானி உயிரிழந்தார். மலையில் ஒரு ஹெலிகாப்டர் பறப்பதைப் பார்த்தால் அதில் இருப்பவர் எதைப் பணயம் வைத்துப் பறக்கிறார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இதோடு, பள்ளத்தாக்குகளில் கைபேசி எடுக்காது. வானொலித் தொடர்பும் ஒரு மேட்டுக்கு மறுபுறம் அறுந்துவிடும். இரண்டு குழுக்களுக்கு இடையே ஒருவரை உயரமான இடத்தில் நிறுத்திச் செய்தி கடத்துவது அதனால்தான். அவர் கண்ணும் காதும் மட்டும்; கையில் கருவி எடுக்கக் கூடாது.

தீயைத் தீயால் நிறுத்துவது

நம்மில் பலருடைய தாத்தா பாட்டிகளுக்கு இது புதிதல்ல. 1860 முதல் நட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தவர்களின் வழிவந்தவர்கள் நாம். வடகடற்கரைப் பக்கம் வளர்ந்தவர்களுக்குக் கரும்பு எரிக்கும் நாளில் கொடியில் காயும் வெள்ளைத் துணிமேல் கரித்துகள் வந்து விழுவது தெரியும். அந்தத் தோட்டத்தை எப்படி எரித்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். காற்று எந்தப் பக்கம் போகிறதோ, அந்தக் கடைசி வரப்பில்தான் முதலில் தீ வைப்பார்கள். காற்றை எதிர்த்து அது மெதுவாக, குட்டையாக உள்ளே தின்றுகொண்டு வரும். போதுமான அகலத்துக்குக் கருகியபின் மறுபக்கத்தில் பற்றவைப்பார்கள். காற்றோடு பாய்ந்து வரும் பெருந்தீ, கருகிய பட்டையைத் தொட்டதும் தின்ன எதுவுமின்றிப் படுத்துவிடும்.

மலையில் எதிர்த்தீ வைப்பதும் இதே முறை. சாலை, ஓடை, நடைபாதை, பாறை வரிசை, ஏற்கெனவே எரித்த பட்டை என எரியாத ஏதாவது ஒரு கோட்டிலிருந்து தொடங்க வேண்டும். டீசலும் பெட்ரோலும் கலந்த எண்ணெய் சொட்டும் தீக்குடுவையை ஒருவர் கோட்டின் ஓரமாக ஏந்தி நடப்பார். கலவையில் டீசலே அதிகம் இருக்க வேண்டும். பெட்ரோல் கூடினால் குடுவை ஏந்தியவர் கையிலேயே தீ பாயும். அவர் பின்னால் தீயைத் தட்டி அணைக்கும் தட்டிக்காரர்கள், தெளிப்பான்காரர்கள் கோட்டின் இந்தப் பக்கம் பொறி தாண்டாமல் காப்பார்கள்.

சொல்வது எளிது. பெருந்தீயின் தலை 40 நிமிடத்தில் வந்துவிடும் என்றால், எதிர்த்தீ காற்றை எதிர்த்து 30 மீட்டர் அகலம் தின்ன வேண்டும். அதற்கே அந்த நேரம் போதாமல் போகலாம். தாமதமாக வைத்தால் இரண்டு தீக்கும் நடுவே ஆட்கள் மாட்டுவார்கள். காற்று திரும்பினால் நாம் வைத்த தீயே இரண்டாவது காட்டுத்தீயாகிவிடும். எனவேதான் பொறுப்பாளர் சொல்லாமல் யாரும் எதிர்த்தீ வைக்கக் கூடாது. பக்கத்துப் பண்ணைக்காரர் பதறிப்போய்த் தானாகப் பற்றவைத்ததால் அணைப்புக் குழு தன் இடத்தை விட்டு ஓட நேர்ந்தால், அதுவரை உழைத்த உழைப்பு முழுதும் போய்விடும்.

நேருக்கு நேர் அடிக்க முடியுமா என்பதைச் சுடரின் உயரமே சொல்லும். 1.2 மீட்டர் வரை, அதாவது ஏறக்குறைய மார்பு உயரம் வரை, கைக்கருவிகளோடு தலையை நெருங்கலாம். அதற்குமேல் 2.4 மீட்டர் வரை பம்ப்பு, இயந்திரம் வேண்டும். 3.4 மீட்டரைத் தாண்டினால் தலைப்பக்கம் யார் நின்றும் பயனில்லை. பக்கவாட்டில் வேலை செய்து காத்திருப்பதுதான் வழி.

பெரும்பாலான நாட்களில் குழு தீயின் வாலில் தொடங்குகிறது. அங்கே தீ மெலிந்திருக்கும். பின்னால் எரிந்த நிலம் இருக்கும். அங்கிருந்து இரண்டு விலாக்களிலும் அணைத்துக்கொண்டே முன்னேறி, கடைசியில் தலையை இரு பக்கமும் நெருக்கி ஒடுக்குவார்கள். முன்னால் தட்டிக்காரர்கள். நீண்ட கைப்பிடியின் நுனியில் ரப்பர் பட்டை பொருத்திய கருவி அது. புதிதாக வருபவர்கள் அதைத் துணி துவைப்பதுபோல ஓங்கி அடிப்பார்கள். பொறி தெறித்து எரியாத பக்கம் போய் விழும். சரியான முறை, பட்டையைச் சுடரின் மேல் அமுக்கிப் பிடித்து, எரிந்த பக்கம் நோக்கி இழுப்பது. அமுக்கினால் காற்று நிற்கும். இழுத்தால் கங்கு கருகிய பக்கம் போய்ச்சேரும். இரண்டாவது வரிசை தெளிப்பானால் ஓரத்தை ஆற்றும். மூன்றாவது வரிசை மண்வெட்டியால் புகைவதைக் கிளறி முடிக்கும். ஒரு கால் எப்போதும் கரிநிலத்தில் இருக்க வேண்டும் என்பது இந்த வேலையின் முதல் பாடம்; எரிந்த இடம் மறுபடி எரியாது, தப்பிக்கும் இடமும் அதுவே.

சரிவின் நடுவில் தடுப்புக் கோடு வெட்டும்போது வரும் கேடு தனி வகை. எரியும் புரோட்டியா மரத்தின் காய், கருகிய கட்டை, கல்லின் அடியில் சிக்கிய சாணி வறட்டி ஆகியவை பிடி விட்டு உருண்டு, கோட்டைத் தாண்டிக் கீழே விழும். கீழிருந்து புதுத் தீ எழுந்து மேலே ஏறும். அப்போது குழு இரண்டுக்கும் நடுவில். அதற்காகக் கோட்டின் கீழ் விளிம்பை வாய்க்கால்போலக் குழித்து, வெட்டிய மண்ணைக் கரையாகப் போட்டு, உருளுவதைத் தாங்கிப் பிடிப்பார்கள். கீழே தீ எரியும்போது சரிவின் நடுவில் நிற்கவே கூடாது என்பது அதைவிட நல்ல பாதுகாப்பு.

தீ அணைந்தது என்று ஊர் நினைக்கும் நாளில் பாதி வேலை மிச்சமிருக்கும். சதுப்பு நிலத்தின் கரிமண், மரவேர், சாணி என எல்லாம் புகையே தெரியாமல் உள்ளுக்குள் கனலும். மறுநாள் மதியம் காற்று எழுந்ததும் ஒரு கங்கு பறந்து எரியாத புல்லில் விழுந்தால் கதை முதலிலிருந்து. புறங்கையைத் தரைக்கு அருகே கொண்டுபோய்ச் சூடு தேடுவார்கள். உள்ளங்கையை வைத்தால் சுட்டபின் கருவி பிடிக்க முடியாது. ஓரம் முழுவதையும் இப்படிக் கையால் தடவி நடப்பது இரண்டு மூன்று நாள் எடுக்கும். படம் எடுக்க அப்போது யாரும் வரமாட்டார்கள்.

இந்த வேலையைச் செய்பவர்களில் பலர் 'வொர்க்கிங் ஆன் ஃபயர்' என்ற அரசுத் திட்டத்தின் இளைஞர்கள். 2003-இல் தொடங்கிய இத்திட்டம், வேலையற்ற இளம் ஆண்களையும் பெண்களையும் ஏழைச் சமூகங்களிலிருந்து எடுத்துப் பயிற்சி தருகிறது. மஞ்சள் சட்டை அவர்கள் அடையாளம். 2016-இல் கனடாவின் ஆல்பர்ட்டா பெருந்தீக்கு உதவ நூற்றுக்கணக்கானோர் இங்கிருந்து போனார்கள். மலைச்சாலையில் அவர்கள் வண்டியைக் கண்டால் ஒதுங்கி வழிவிடுங்கள். நின்று வேடிக்கை பார்க்காதீர்கள்.

பிப்ரவரியில் தொடங்கும் வேலை

ஆகஸ்டில் தீ எங்கே நிற்கும் என்பது பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சிலேயே முடிவாகிவிடுகிறது. பார்க்கச் சுவாரசியமில்லாத வேலை என்பதால் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எங்கள் கணிப்பில் மலையைக் காப்பதில் முதலிடம் இதற்குத்தான்.

செய்முறை இது. புல் பச்சையாக இருக்கும் கோடைக் கடைசியில், 20 மீட்டரோ 50 மீட்டரோ இடைவெளி விட்டு இணையாக இரண்டு மெல்லிய கோடுகளைக் களைக்கொல்லி தெளித்துக் காய வைப்பார்கள். ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு மீட்டர் அகலம். சுற்றிலும் பச்சை, நடுவில் இரண்டு வைக்கோல் நிறக் கோடுகள். காய்ந்ததும் அவற்றை மட்டும் எரிப்பார்கள். பக்கத்துப் புல் பச்சையாக இருப்பதால் தீ தாண்டாது. மே, ஜூனில் உறைபனி விழுந்து மற்ற புல்லும் காய்ந்தபின், காற்றில்லாத ஒரு நாள் பார்த்து, இரண்டு கரிக்கோடுகளுக்கும் நடுவே உள்ள பட்டை முழுவதையும் எரிப்பார்கள். முன்பே எரித்த கோடுகள் இருபுறமும் வேலியாக நிற்கும். மலையேறும்போது தொலைவில் சரிவின் குறுக்கே நேராகத் தெரியும் கருப்புப் பட்டை இதுதான். யாரோ தீ வைத்துவிட்டார்கள் என்று பதற வேண்டாம்.

இதில் தவறுவது எப்போது? மழை நீண்டு, தெளிக்கும் வாரம் தப்பிப்போனால் கோடு காயாது. உறைபனி முந்திவிட்டால் பக்கத்துப் புல்லும் காய்ந்து, கோட்டை எரிப்பதே ஆபத்தாகிவிடும். நல்ல நாட்கள் ஒரு பருவத்தில் சிலவே. அந்த நாட்களில் ஆளும் வண்டியும் எல்லாப் பண்ணைக்கும் ஒரே நேரத்தில் தேவைப்படும்.

இவ்வளவு எரிப்பது இயற்கைக்குக் கேடில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. டிராகன்ஸ்பர்க் புல்வெளி தீயோடு சேர்ந்து வளர்ந்தது. வசந்தகாலத்தில் முதல் இடி மின்னலே அதைக் காலங்காலமாக எரித்து வந்திருக்கிறது. புல்லின் உயிர் வேரடியில் இருக்கிறது. மேலே எரிந்தால் மழைக்குப் பின் துளிர்க்கும். எரியாமலே விட்டால் பழைய புல் படிந்து புதுத் தளிரை மூச்சடைக்கும், அடுத்த தீக்கும் எரிபொருள் கூடும். 2000-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக அறிவித்த டிராகன்ஸ்பர்க் பூங்காவில் பகுதி பகுதியாக, முறை வைத்து எரிப்பது அதனால்தான். ஓடை மடிப்புகளில் ஒதுங்கி நிற்கும் மஞ்சள்மரக் காடுகளுக்கு மட்டும் தீ ஆகாது. பாறைக் குகைகளில் பூர்வகுடிகளான சான் மக்கள் வரைந்த ஓவியங்களுக்கும் புகையும் சூடும் ஆகாது.

கேப் டவுனில் நிலைமை வேறு. அங்கே மழை குளிர்காலத்தில். தீ கோடையில், தென்கிழக்குக் காற்றில். புல்லுக்குப் பதில் ஃபின்போஸ் புதர். அதற்குப் பத்து, பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை தீ வேண்டும், அடிக்கடி வந்தால் விதை சேராது. நகரம் மலையடிவரை ஒட்டி நிற்பதுதான் அங்கே பெரிய சிக்கல். 2021 ஏப்ரல் 18 அன்று டேபிள் மலைச் சரிவில் பிடித்த தீ, கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் ஜாகர் நூலக வாசிப்பறையையும் அதிலிருந்த ஆப்பிரிக்க ஆய்வுச் சேகரத்தின் பெரும் பகுதியையும் எரித்துவிட்டது. 1796-இல் கட்டிய மோஸ்டர்ட் காற்றாலையும் அன்று எரிந்தது.

நீங்கள் மலைக்குப் போகும் நாளில்

முதலில் தீ ஆபத்துக் குறியீட்டைப் பாருங்கள். வெப்பம், ஈரப்பதம், காற்று, கடைசி மழை பெய்து எத்தனை நாள் என்பவற்றைச் சேர்த்து 0 முதல் 100 வரை ஓர் எண் போடுவார்கள். 20 வரை நீலம், 45 வரை பச்சை, 60 வரை மஞ்சள், 75 வரை ஆரஞ்சு, அதற்கு மேல் சிவப்பு. ஆபத்து மிகுந்த நாளாக அறிவித்துவிட்டால் திறந்தவெளியில் யாரும் தீ மூட்டக் கூடாது என்று 1998-ஆம் ஆண்டின் 101-ஆம் எண் தேசிய வெல்ட் (புல்வெளி), வனத்தீச் சட்டம் தடுக்கிறது. கரி மூட்டை வாங்கியாயிற்றே என்று மனம் கேட்காமல் இருக்கலாம்; அன்றைக்கு ரொட்டியும் கறியும் போதும். நிலம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு செய்தி: எல்லையில் தடுப்புக் கோடு போட்டுப் பராமரிப்பது அதே சட்டப்படி உரிமையாளரின் கடமை.

பிராய் அனுமதித்த இடத்தில் போட்டால் அணைப்பதில் கவனம் வேண்டும். மண்ணைப் போட்டு மூடுவது நம்மிடம் ஊறிப்போன தவறு. தீமிதிக் குழி பார்த்தவர்களுக்குச் சாம்பலுக்கு அடியில் கங்கு எத்தனை மணி நேரம் உயிரோடு இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மண்ணும் அதே போர்வைதான். ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றி, சத்தமும் ஆவியும் நின்றபின் புறங்கையால் சூடு பாருங்கள். ஆற்றங்கரையில் பூசை செய்தால் கற்பூரம் முழுதும் அணைந்து தட்டு ஆறிய பிறகே எழுங்கள். வாழையிலையில் ஏற்றி நீரில் விட்டது கரையொதுங்கிப் புல்லைத் தொடலாம். மலைக்குகையில் தங்க முன்பதிவு செய்தவர்கள் எரிவாயு அடுப்பு மட்டுமே கொண்டு போகலாம். உயரமான புல்மேல் காரை நிறுத்தாதீர்கள். அடியில் புகைக்குழாய் சூட்டில் புல் பற்றும். தீ நடக்கும் இடத்தில் டிரோன் பறக்கவிட்டால் ஹெலிகாப்டர் விலகிப்போக வேண்டிவரும்.

நடக்கும்போது புகை கண்டால் படம் எடுக்க நிற்காமல் காற்று எந்தப் பக்கம் என்று பாருங்கள். முகட்டுக்கு ஏறித் தப்பும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். பக்கவாட்டிலும் கீழ்நோக்கியும் நகருங்கள். ஓடை மடிப்புக்குள் இறங்காதீர்கள். எரிந்த கரிநிலம், கல்சரிவு, அகன்ற ஆற்றுப்படுகை, மாடு மேய்ந்து மொட்டையான இடம் ஆகியவை தஞ்சம் தரும். சுடர் முழங்காலுக்குக் கீழே இருந்து, அதற்கு அப்பால் கரிநிலம் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் சட்டென்று தாண்டி அங்கே போய் நில்லுங்கள். நைலான், ஃபிளீஸ் மேலாடையைக் கழற்றிவிடுங்கள், சூட்டில் உருகித் தோலில் ஒட்டும். பருத்தியும் கம்பளியும் பரவாயில்லை. வண்டியில் மாட்டினால் புல் இல்லாத இடத்தில் நிறுத்தி, கண்ணாடி ஏற்றி, விளக்குப் போட்டு, கம்பளி போர்த்தி சன்னல் மட்டத்துக்குக் கீழே குனிந்து இருங்கள். தீமுனை கடந்துபோக நீண்ட நேரம் எடுக்காது. கைபேசியில் 112, தீயணைப்புக்கு 10177.

பூங்கா வாசலில் மலையேறுவோர் பதிவேடு இருக்கும். எத்தனை பேர், எந்தப் பாதை, எப்போது திரும்புவது என்று எழுதிவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் அதே இடத்தில் நின்று கையெழுத்துப் போட்டுப் பெயரை முடியுங்கள். களைப்பில் அப்படியே காரில் ஏறி டர்பனுக்கு வந்துவிட்டால், அன்றிரவு மலையில் தீ வந்தால், பதிவேட்டில் முடிக்காமல் கிடக்கும் உங்கள் ஐந்து பெயர்களைத் தேடி ஒரு குழு புகைக்குள் நடந்து போகும்.